ஃபிளாக் எக்ஸ் குறித்துப் பேசவும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை, அதாவது 2006 நவம்பர் 21 அன்று, கழித்துக்கட்டுவதற்காக என் மேசைக்கு வந்த நாற்பத்திரண்டு பழைய கோப்புகளில் ஒன்று, ஏழு ஆண்டுகளுக்கு முன் என் உயிரைக் காப்பாற்றிய கோப்பு. பொருள்: கோடைக்காலக் கூலர்களுக்கு வெட்டிவேர்ப் பாய் வாங்குதல்.

நான் டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு கோப்பு எத்தனை ஆண்டு இருக்கலாம், எப்போது கிழிக்கப்பட வேண்டும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் தொழில். பதினெட்டு ஆண்டு அனுபவத்தில் எந்தக் கோப்பையும் பார்த்துச் சிரித்ததில்லை. இதன் நான்காம் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. அங்கே பச்சை மையில் ஆங்கிலத்தில் இப்படி ஒரு குறிப்பு: ‘விலைப்புள்ளிகள் சரி. ஃபிளாக் எக்ஸ் குறித்துப் பேசவும்.’

ஊரில் இருப்பவர்களுக்காக விளக்குகிறேன். கோப்பில் ஏதாவது ஒரு தாளை மேலதிகாரிக்குக் காட்ட வேண்டுமென்றால் அதில் ஒரு சிறு சீட்டைக் குத்தி ஏ, பி, சி என்று எழுதுவோம். அதுதான் ஃபிளாக். வெட்டிவேர்ப் பாய்க்கு ஏ, பி போதும். எக்ஸ் வரைக்கும் எந்தக் கோப்பும் போவதில்லை. இந்தக் கோப்பு போயிற்று. அந்த எக்ஸ் சீட்டு குத்தப்பட்டிருந்தது என்னுடைய கருத்தடை மாத்திரை அட்டையின்மேல்.

பக்கத்து மேசைப் பெண், சண்டிகர்க்காரி, “க்யா ஹுவா ஆன்ட்டிஜி?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, விதிப்படி ‘அழிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எடுத்து வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆவணப் பிரிவில் இருந்துகொண்டு கோப்பைத் திருடக் கூடாது. அதனால் வீட்டுக்கு வந்து எழுதி வைக்கிறேன்.

விஷயத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் இறந்தாள். என் அக்காவுக்கு அதே நோய் முப்பத்தெட்டு வயதில் வந்தது. வரிசையில் அடுத்தவள் நான். எனக்கு இப்போது நாற்பத்திரண்டு, நன்றாக இருக்கிறேன். எனக்குப் பின்னால் வரிசையில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள்: அக்காவின் மகள் ராஜி, என் மகள் காவ்யா. அம்மாவுக்குத் தெரியாமலே போயிற்று. அக்காவுக்குத் தாமதமாகத் தெரிந்தது. எனக்கு வெட்டிவேர்ப் பாய் வழியாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்கு யார், எப்போது சொல்வது என்பதுதான் எங்கள் வீட்டில் கடைசிவரை தீராமல் இருந்த சண்டை.

அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவள் பெயரை மட்டும் போடக் கூடாதாம். அக்கா என்றே எழுதுகிறேன்.

2

1988 ஜூலையில் பாளையங்கோட்டையிலிருந்து டெல்லிக்கு வந்தேன். கல்யாணமாகி, சரோஜினி நகரில் இரண்டு அறை அரசுக் குடியிருப்பு கிடைத்து, 1990 ஆகஸ்டில் காவ்யா பிறந்தாள். 1993 ஜனவரியில் என் மாமனார் காலமானதும் அத்தை, அதாவது என் மாமியார், தென்காசி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார். வந்த முதல் வாரமே பேரன் எப்போது என்று கேட்டார். அதே வாரம் நான் அரசு டிஸ்பென்சரிக்குப் போய் மாத்திரை வாங்கினேன். எங்கள் இருவருக்கும் காவ்யா போதும் என்பது என் கணவரும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. அதை அத்தையிடம் அறிவிக்கும் வேலையை அவர் என்னிடம் விட்டார், நான் அவரிடம் விட்டேன். அப்படியே பத்து ஆண்டுகள் ஓடின.

டிஸ்பென்சரியில் மாத்திரை இலவசம். ஓர் அட்டையில் இருபத்தொரு வெள்ளை மாத்திரையும் ஏழு பழுப்பு மாத்திரையும் இருக்கும். பழுப்பில் மருந்து கிடையாது, வெறும் இரும்புச்சத்து. நான் எதையும் தேதி போட்டு எழுதும் ஜாதி. எட்டாம் வகுப்பிலிருந்து டைரி வைத்திருக்கிறேன். எரிவாயு சிலிண்டர் மாற்றிய நாள், காவ்யாவின் முதல் பல் விழுந்த நாள், டெல்லியில் முதல் ஸ்வெட்டர் வெளியே வந்த நாள் எல்லாம் அதில் உண்டு. மாத்திரை விழுங்கிய நாளுக்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அத்தைக்கு அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டன. ஏதோ விரதக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு, என் மருமகள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், மனசுக்குள்ளேயே நேர்ந்துகொள்கிறாள் என்று லோதி ரோடு பஜனைப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எதற்கான நேர்த்தி என்று அவர்கள் கேட்டதற்கு, பேரனுக்குத்தான், வேறெதற்கு என்றாராம்.

ஒளித்து வைக்க வீட்டில் இடமில்லை. இரண்டு அறையில் அத்தையின் கை படாத ஒரே பொருள் என் தையல் டப்பா. அதையும் நூல் தேடி எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் சனி, ஞாயிறுக்கு மட்டும் தையல் டப்பா. திங்கள் முதல் வெள்ளி வரை மாத்திரை அட்டை என்னோடு அலுவலகக்காரர்களுக்கான சார்ட்டர்ட் பஸ்ஸில் ஏறி, பட்டாணி உரிக்கும் பஞ்சாபிப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, அலுவலகம் வந்து, என் மேசை இழுப்பறையில் ஒரு காலிக் கோப்பு உறைக்குள் படுத்துக்கொள்ளும். பெயர் எழுதாத கோப்பு உறையை அரசு அலுவலகத்தில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த மறைவிடம் என்று நினைத்திருந்தேன்.

3

1997 செப்டம்பரில் அக்காவுக்கு வயிறு உப்பிக்கொண்டே போயிற்று. வாய்வு என்றார்கள். சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் சென்னையில் வயிற்றைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை, அதன்பிறகு ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி மறுபடி முளைத்தது. பிழைத்தாள். இப்போது நாற்பத்தேழு வயதில், நேராக இருந்த முடி சுருட்டையாக முளைத்துவிட்டது என்று டாக்டரைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறாள்.

ஆனால் அன்று அது சிரிக்கிற விஷயமாக இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவளுக்கு ஒரே யோசனை, ஏன் தனக்கு வந்தது என்று. பக்கத்துக் கட்டில் பெண் ஒருத்தி, கர்ப்பத்தடை மாத்திரை தின்றால்தான் இதெல்லாம் வரும் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா வாழ்நாளில் ஒரு மாத்திரையும் தின்றதில்லை. அதனால் அவள் கவலை என்மேல் திரும்பிற்று. என் கணவரைத் தவிர என் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போன் செய்தாள்.

“ஏளா, நீ அந்தச் சனியன இன்னும் முழுங்குதியா?”

ஆமாம் என்றேன்.

“திங்காத எனக்கே இந்தக் கதி. தின்னுக்கிட்டு இருக்க உனக்கு என்ன ஆகும்? அம்மைக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து நீயா? நிப்பாட்டுளா.”

அம்மா இறந்தது 1979 மார்ச்சில், அவளுடைய நாற்பத்துநான்காம் வயதில். ‘வயிற்றில் கட்டி’ என்று மட்டும் சொன்னார்கள். எந்த உறுப்பில் என்று கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அக்கா பேசியபிறகு எனக்கு ஒவ்வொரு மாத்திரையும் தொண்டையில் நின்றது. விழுங்கினால் கட்டி, விழுங்காவிட்டால் பேரன். ஒன்றரை ஆண்டு இப்படி ஊசலாடிவிட்டு, 1999 ஏப்ரலில் முடிவெடுத்தேன். கையில் இருக்கும் அட்டையோடு சரி. அதில் பதினோரு வெள்ளை மாத்திரை மிச்சமிருந்தது.

4

ஏப்ரல் 19, திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இழுப்பறையைத் திறந்தால் உறையைக் காணோம்.

அப்போது நான் இருந்த கொள்முதல் பிரிவில் கோப்புகளைத் தைத்துக் கட்டும் தஃப்தரி ஒருவர் இருந்தார். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்த பெரியவர். அன்று காலை அவருக்குக் கோப்பு உறை தட்டுப்பாடு. என் இழுப்பறையில் காலியாக ஒன்று கிடந்ததை எடுத்து, வெட்டிவேர்க் காகிதங்களை உள்ளே வைத்து நாடா கட்டி அனுப்பிவிட்டார். உறையின் உள்மடிப்பில் இருந்த என் அட்டையும் கோப்போடு மேலே போயிற்று. பிரிவு அதிகாரி சர்மாஜி எந்தக் கோப்பையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். அன்று ஒருநாள் அந்தக் குணத்துக்காக அவருக்கு நன்றி சொன்னேன். அவரைத் தாண்டிக் கோப்பு சார்புச் செயலாளர் பானர்ஜி மேடத்திடம் போய்விட்டது. அவர் ஒவ்வொரு தாளையும் விளக்கில் பிடித்துப் பார்ப்பவர் என்று மாடி முழுக்கப் பெயர்.

செவ்வாய் மதியம் கோப்பு திரும்பி வந்தது. மேலே சிவப்பில் ‘மிக அவசரம்’ என்று ஒரு சீட்டு. உள்ளே நான் முதலில் சொன்ன அந்தக் குறிப்பு. சர்மாஜிக்கு வியர்த்துவிட்டது. வெட்டிவேர்ப் பாயில் என்ன மிக அவசரம்? எக்ஸ் என்ற இணைப்பு எங்கே? கோப்பில் இல்லையே, தொலைந்துவிட்டதா? பிரிவு முழுவதும் இறங்கித் தேடினோம். நான்தான் எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினேன். ஒரு குமாஸ்தா அலமாரிக்கு அடியில் படுத்தே தேடினார். கடைசியில் சர்மாஜி, கோப்பு உறை உங்கள் இழுப்பறையிலிருந்து வந்ததாம், நீங்களே போய் மேடத்திடம் விளக்கம் சொல்லுங்கள் என்று என்னை அனுப்பினார். வேலை போகிற விஷயம் இல்லை என்று தெரியும். ஆனாலும் படியேறும்போதே மூன்று விதமான விளக்கம் தயார் செய்துகொண்டேன்.

மேடம் கதவைச் சாத்தச் சொன்னார். இழுப்பறையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்துப் பிரித்து, என் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். அதன்மேல் எக்ஸ் சீட்டு ஒழுங்காகக் குத்தியிருந்தது. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் யாருடையது என்று யோசிக்கவே தேவைப்படவில்லையாம். சிவப்புச் சீட்டு எதற்கு என்று கேட்டேன்.

“நேற்று ஒன்று தவறிவிட்டது. இன்றைக்கும் தவறக் கூடாது இல்லையா?” என்றார் வங்காள வாடை அடிக்கும் இந்தியில். “எங்கள் கோப்புகள் சாதாரணமாகத் திரும்ப ஒன்பது நாள் ஆகும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இனி அவசரமில்லை மேடம், நிறுத்தப் போகிறேன் என்று சொல்லி அக்கா கதையைச் சொன்னேன். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். அக்காவுக்கு எந்த இடத்தில் என்றார். ஓவரி என்றேன். அம்மா இருக்கிறார்களா என்றார். அம்மாவுக்கும் வயிற்றில் கட்டி என்றேன்.

அவர் பச்சைப் பேனாவை மூடி வைத்தார். போனை எடுத்து யாருடனோ வங்காளத்தில் பேசினார். பிறகு என்னிடம், “சனிக்கிழமை பத்து மணி. என் தங்கை புற்றுநோய் டாக்டர். அதுவரைக்கும் நிறுத்தாதே. இதை உத்தரவாகவே எடுத்துக்கொள்” என்றார்.

கீழே வந்து, ஃபிளாக் எக்ஸ் தவறுதலாக எழுதப்பட்டது என்று மேடம் சொன்னதாகச் சர்மாஜியிடம் சொன்னேன். அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மேடம் தவறு செய்து அவர் பார்த்ததே இல்லை. அன்று மாலை பிரிவில் எல்லோருக்கும் அவர் செலவில் சமோசா.

5

மேடத்தின் தங்கை, டாக்டர் ஷோமா, மேடத்துக்கு நேர் எதிர். சத்தமாகச் சிரிப்பார். பேசிக்கொண்டே வேர்க்கடலை கொறிப்பார். ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு எங்கள் குடும்பப் பெண்களை வரைந்தார். நோய் வந்தவர்களின் வட்டத்துக்கு மை பூசினார். அம்மா, அக்கா என இரண்டு கறுப்பு வட்டம். நீ எத்தனை காலமாக மாத்திரை சாப்பிடுகிறாய் என்றார். பையிலிருந்து ஏழு டைரிகளை எடுத்து மேசைமேல் அடுக்கினேன். சிவப்புப் புள்ளிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் முப்பது ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒரு நோயாளி வந்ததில்லை என்றார்.

அதன்பிறகுதான் அதைச் சொன்னார். அக்கா சொன்னதற்கு நேர் எதிராக இருந்தது.

இந்த மாத்திரை சினைப்பைப் புற்றுநோயைக் கொண்டுவருவதில்லை, அது வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. பொதுவாகப் பெண்களுக்கு இது ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம். சில குடும்பங்களில் ஒரு மரபணுப் பிழை தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிள்ளைக்கு இறங்கும். அது உள்ள பெண்களுக்கு மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிப்பட்ட பெண்களுக்கும் மாத்திரை சினைப்பையைக் காக்கிறது, அதிக ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு அதிகமாகக் காக்கிறது என்று சமீபத்தில்தான் ஒரு வெளிநாட்டு மருத்துவ இதழில் வந்திருக்கிறதாம். ஏன் என்று கேட்டேன். மாதாமாதம் முட்டை வெளிவரும்போது சினைப்பையின் மேல்தோல் கிழிந்து ஆறுகிறது. மாத்திரை அந்த வேலையை நிறுத்தி ஓய்வு கொடுக்கிறது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

ஓய்வு. எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. சமையலறை, சார்ட்டர்ட் பஸ், அலுவலகம், மறுபடி சமையலறை என்று ஆறு ஆண்டுகளாக ஓய்வே இல்லாத என் உடம்பில், எனக்கே தெரியாமல் இரண்டு பேர் மட்டும் கால்நீட்டிப் படுத்திருந்திருக்கிறார்கள்.

ரொம்பக் குதிக்காதே என்று டாக்டர் உடனே கையைக் காட்டினார். மார்புப் புற்றுநோய் விஷயத்தில் இதே மாத்திரை கொஞ்சம் கெடுதல் செய்யுமோ என்ற சந்தேகம் தீரவில்லை. ரத்த அழுத்தம், ரத்தம் உறைதல் எல்லாம் பார்க்க வேண்டும். மாத்திரை ஒரு பாதுகாப்புதான், தீர்வு இல்லை. குடும்பத்தில் அந்தப் பிழை இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். இருந்தால், நாற்பதுக்குள் சினைப்பைகளை எடுத்துவிடுவதுதான் உறுதியான வழி. அதுவரை மாத்திரையைத் தொடரலாம், மார்பை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். இப்படி நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்ன டாக்டரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

2001இல் அவரே போன் செய்து, புதிதாக ஒரு கட்டுரை வந்திருக்கிறது, பிழை உள்ள பெண்களுக்கு மாத்திரை உதவவில்லை என்கிறது, உனக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை என்றார். ஒரு வாரம் மாத்திரை மறுபடி தொண்டையில் நின்றது. அதன்பிறகு வந்தவை பெரும்பாலும், உதவுகிறது என்றே சொன்னதாகச் சொல்கிறார். எல்லாம் டைரியில் தேதியோடு இருக்கிறது.

6

படத்தில் மற்ற வட்டங்களை நிரப்ப, டாக்டருக்கு அம்மாவின் தங்கையும் அம்மாவின் தாயாரும் எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தாய்மாமாவுக்குப் போன் செய்தேன். சித்தி ஆவணி மாதம் தேய்பிறை சப்தமி, ஆச்சி தை வளர்பிறை துவாதசி என்று புத்தகம் பார்க்காமல் சொன்னார். எந்த வருஷம் மாமா என்றேன்.

“எந்த வருசம்னா? திவசம் வருசா வருசம் வருதுல்லா.”

இறந்தவர்களுக்கு இலை போடத் திதி போதும், வருஷம் வேண்டாம். ஒரு குடும்பமே இப்படித் தன் பெண்களின் மரணத்தை நாள் தவறாமல் நினைவு வைத்து, வயதை மறந்திருந்தது. என்னைப் போன்றவளுக்கு இதைவிடச் சுகமான வேலை கிடைக்குமா? யாருக்கு எப்போது கல்யாணம், சித்தி இறந்தபோது யார் கைக்குழந்தை, எந்தத் தேர்தலுக்கு ஆச்சி மாட்டுவண்டியில் போய் ஓட்டுப் போட்டாள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை விசாரித்தேன். ஆச்சி எழுபதைத் தாண்டியவள். கீழே விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவள். நல்ல செய்தி. சித்திக்கு முப்பத்தொன்பது. வயிறு உப்பிப் போயிற்று, பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று வளையல் அடுக்கக்கூட நாள் பார்த்தோம் என்றார் மாமா.

மூன்றாவது வட்டத்துக்கும் டாக்டர் மை பூசினார்.

7

முதலில் அக்காவின் ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும், நோய் வந்தவளிடம் பிழை அகப்பட்டால்தான் மற்றவர்களிடம் தேடுவது சுலபம் என்றார்கள். இங்கே அப்போது அந்தச் சோதனை எளிதில் கிடைக்காது. ஓர் ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் ரத்தங்களோடு சேர்த்து அனுப்ப டாக்டர் ஏற்பாடு செய்தார். அக்கா இரண்டு ஆண்டு இழுத்தடித்தாள். எடுத்த ரத்தமெல்லாம் போதாதா, இனிக் கப்பலில் வேறு ஏற்ற வேண்டுமா என்றாள். விமானம் என்றேன். அதைக் கேட்டு இறங்கி வந்தாள். நான் பார்க்காத அமெரிக்காவை என் ரத்தமாவது பார்க்கட்டும் என்றாள்.

அக்காவுக்குப் பிழை இருந்தது. அடுத்து என்னுடையது போயிற்று. 2002 செப்டம்பரில் முடிவு வந்தது. எனக்கும் இருந்தது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் நானும் என் கணவரும் நின்றோம். அழ வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது, வரவில்லை. எதிரே கோல்கப்பா, அதாவது பானிபூரி, விற்கிற ஒருவர். ஆளுக்கு ஆறு சாப்பிட்டோம். காரம் கண்ணில் ஏற, வேண்டிய தண்ணீர் அப்போது தாராளமாக வந்தது. என் கணவர், “எடுத்துரலாம். கழுதைய எடுத்துரலாம்” என்றார். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அவர் சொன்ன மிகக் காதலான வார்த்தை அதுதான்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபின் அத்தையிடம் சொல்லாமல் முடியாது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், மாத்திரை உட்பட. சிவப்புப் புள்ளி விரதம் இல்லை என்பதையும் சொன்னேன்.

“அப்போ பத்து வருசமா எம் பேரன தையல் டப்பாவுல வச்சு மூடியிருக்க.”

ஆமாம் அத்தை என்றேன்.

“அது இல்லைன்னா நீ உங்க அம்மை போன வழியில போயிருப்ப, அப்படித்தான?”

போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். எழுந்து உள்ளே போனார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைத்து, அதில் என் தையல் டப்பாவையும் வைத்தார். படுத்திருக்கும்போது பொழுது போகும் என்றார். கிண்டலா, மன்னிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

2003 ஜனவரி 9இல் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில், வெட்டிப் பார்த்த எந்தத் துண்டிலும் புற்றுநோய் இல்லை என்று இருந்தது. டாக்டர் ஷோமா அதைப் படித்துவிட்டு வேர்க்கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். முப்பத்தெட்டு வயதில் மாதவிலக்கு நின்றுபோனதால் உடம்பெல்லாம் அனல். டெல்லி முழுவதும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் நடுங்கிய அந்த ஜனவரியில், சரோஜினி நகர் சந்தையில் ஸ்வெட்டர் இல்லாமல் விசிறிக்கொண்டு நடந்த ஒரே தமிழச்சி நான்தான். மார்புப் பரிசோதனை இன்றும் தொடர்கிறது. இந்த ஆண்டுக்கானது மே மாதம் முடிந்தது. சரியாக இருக்கிறது.

8

இனி மிச்சமிருந்தது பிள்ளைகள். ராஜிக்கும் காவ்யாவுக்கும் அந்தப் பிழை இறங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காவ்யா வீட்டிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள், அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை. பதினெட்டு முடிந்தபின் சோதனையைப் பற்றித் தானே முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டாள். ராஜி விஷயத்தில் அக்கா கல்லாக நின்றாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம். வீட்டில் இப்படி ஒரு வியாதி இறங்குகிறது என்று தெரிந்தால் வாசலை யார் மிதிப்பார்கள்? கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றாள். இதற்காக நாங்கள் இரண்டு ஆண்டு சண்டை போட்டோம்.

2005 மே மாதம், நாங்கள் மயூர் விஹார் வீட்டுக்குக் குடிபோனபின் வந்த முதல் விடுமுறைக்கு, காவ்யாவைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை போனேன். காவ்யாவின் தமிழைப் பற்றி நான் ஊரில் தலைகுனியாத ஆண்டு கிடையாது. டெல்லியில் பிறந்த பிள்ளை, பாதி இந்தியில் பேசுவாள், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால் நாங்கள் தமிழில் கற்றுவைத்த மறைப்புப் பேச்சும் அவளுக்குத் தெரியாது. வயிற்றில் கட்டி, உடம்புக்கு முடியலை, அந்த மாதிரி வியாதி, இதெல்லாம் அவள் அகராதியில் இல்லை. மதியச் சாப்பாட்டில் எல்லோரும் இருக்கும்போது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், ராஜியைப் பார்த்துக் கேட்டாள்.

“ராஜிக்கா, நீ டெஸ்ட் எப்போ பண்றே? ஓவரி கேன்சர் ஜீன். பெரியம்மாக்கு இருக்கு, அம்மாக்கு இருக்கு. உனக்கும் எனக்கும் ஃபிஃப்டி ஃபிஃப்டி. மாலூம் ஹை நா?”

அக்காவின் கையிலிருந்து மோர்க் கரண்டி இலையில் விழுந்தது. அத்தான் எழுந்து கை கழுவப் போய்விட்டார். ராஜி நிதானமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

“எனக்குத் தெரியும். மூணு வருசமாத் தெரியும். அம்மா பீரோவுல ரிப்போர்ட்ட பாத்தேன். எனக்குத் தெரிஞ்சது தெரிஞ்சா அம்மா கஷ்டப்படுவான்னு சொல்லல.”

மூன்று ஆண்டுகளாக ஒரே வீட்டில் தாய் மகளிடமும் மகள் தாயிடமும் ஒரே காகிதத்தை மறைத்திருக்கிறார்கள். அக்கா சிரிக்கத் தொடங்கினாள். பிறகு நானும். அழுகையாக மாறும் என்று பயந்து அத்தான் எட்டிப் பார்த்தார். மாறவில்லை.

சோதனை செய்தார்கள். ராஜிக்கும் இருந்தது. கல்யாணம், குழந்தை எல்லாம் தாராளமாகச் செய்துகொள்ளலாம், அவசரமில்லை என்று சென்னை டாக்டர் சொன்னார். நன்மை, தீமை இரண்டையும் அவளிடமே விளக்கினார். ராஜி யோசித்து, மாத்திரை எடுத்துக்கொள்வது என்று தானே முடிவு செய்தாள். பெண் பார்க்க வருகிறவனிடமும் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். முதலில் வந்தவன் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறேன் என்றான். இன்னும் போடவில்லை. இரண்டாமவன் அரைமணி நேரம் கேள்வி கேட்டானாம், மரபணு என்றால் என்ன என்பதிலிருந்து. அவன் மறுபடி வரப்போகிறானாம்.

ஆனால் மாத்திரையை யார் கடையில் போய் வாங்குவது? கல்யாணம் ஆகாத பெண், ஒரே தெரு, ஒரே மருந்துக்கடை. கடைக்காரர் அக்காவைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரிந்தவர். திருநெல்வேலி ஜங்ஷனில் போய் வாங்கு என்று யோசனை சொன்னேன். அக்கா போனை வைத்தாள். அடுத்த ஞாயிறு அவளே கூப்பிட்டாள்.

“நம்ம கடைக்கே போனேன். சீட்ட நீட்டினேன். யாருக்கு மதினின்னு கேட்டான்.”

நீ என்ன சொன்னாய் என்றேன்.

“எனக்குத்தாம்னேன்.”

கர்ப்பப்பை, சினைப்பை இரண்டும் போய் ஒன்பது ஆண்டான நாற்பத்தேழு வயதுக்காரி. அப்போது கட்டுத்துணி முதல் வாந்தி மாத்திரை வரை அவளுக்குக் கொடுத்தவர் அதே கடைக்காரர்.

“ஒரு வார்த்த பேசல அவன். பேப்பர்ல ரெண்டா மடிச்சுச் சுத்தினான். பேப்பர் எதுக்கு, அப்படியே குடும்னு வாங்கி, கையிலயே பிடிச்சிக்கிட்டுத் தெருவழியா வீடு வரைக்கும் நடந்து வந்தேன்ளா. ஒருத்தரும் செத்துப்போகல.”